எலிமினேட்டர்

சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ரிச்சி தெருவில், ஓர் ஆள் நிற்கும் அகலமே உள்ள கடை ஒன்றின் முன் வந்து நின்று, சுவரில் வரும் மின்சாரத்தை 6 வோல்ட்டாகவோ 12 வோல்ட்டாகவோ இறக்கித் தரும் அந்தச் சிறு கறுப்புப் பெட்டியைக் கேட்பவர் சற்று வயதானவராக இருந்தால், 'அடாப்டர்' என்று சொல்லமாட்டார், 'எலிமினேட்டர்' என்றுதான் சொல்வார், கடைக்காரரும், "எத்தனை வோல்ட்டுங்க?" என்ற ஒரே கேள்வியோடு அதை எடுத்துக் கொடுத்துவிடுவார். எதை ஒழிப்பதற்காக அந்தப் பெட்டிக்கு அப்பெயர் வந்தது என்று இருவருமே யோசிப்பதில்லை. ஒழிக்கப்பட்டது பேட்டரி. ஒழிக்கப்பட்டு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரியை ஒழித்த அன்றைக்கே இரைச்சல் என்னும் புதிய விருந்தாளி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்பதும், அதை வெளியேற்ற மனிதர்கள் பட்ட பாடே வானொலித் தொழிலின் சரித்திரத்தில் பாதி என்பதும்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிற விஷயம்.

இந்தப் பழங்கதையை நான் கிளறக் காரணம், இக்காலத்தில் சங்கீதப் பிரியர்களிடையே ஓயாமல் நடக்கும் ஒரு வாதம். கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் வெறும் எண்களாகக் கிடக்கும் சங்கீதத்தை மறுபடியும் மின்னலையாக மாற்றித் தருகிற 'டாக்' என்னும் கருவி, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கே இன்று கிடைக்கிறது. அப்படி மலிவாக வாங்கிய ஒன்றுக்கு, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள சுத்தமான பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வாங்கி வைக்க வேண்டுமா, வைத்தால் நாதத்தில் வித்தியாசம் தெரியுமா என்பது கேள்வி. சிலர் சத்தியம் செய்கிறார்கள். சிலர் அதெல்லாம் பிரமை என்கிறார்கள். இரு தரப்பாரும் இக்கேள்வி தங்கள் காலத்தில் பிறந்ததாகவே நினைத்துப் பேசுகிறார்கள். ஆனால் இது 1925-லேயே கேட்கப்பட்ட கேள்வி; அன்று முதல் ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது.

வானொலியின் ஆதிகாலத்தில் ஒரு வால்வு செட்டுக்கு மூன்று வகைப் பேட்டரிகள் வேண்டியிருந்தன. வால்வின் உள்ளே இருக்கும் இழையைச் சூடேற்ற ஒன்று. அமெரிக்காவில் அது பெரும்பாலும் மோட்டார் காரில் இருப்பது போன்ற 6 வோல்ட் அமிலப் பேட்டரி. அதற்கு 'ஏ' என்று பெயர். எலெக்ட்ரான்களைத் தகட்டுக்கு இழுக்க 45 வோல்ட், 90 வோல்ட் என்று அடுக்கப்பட்ட உலர்ந்த செல்களின் கட்டு ஒன்று, அது 'பி'. வால்வின் நடுவிலுள்ள வலையை நிலையில் நிறுத்த ஒரு சிறு பேட்டரி, அது 'சி'. இங்கிலாந்தில் முதலாவதன் இடத்தில் 2 வோல்ட் கண்ணாடி அக்குமுலேட்டர் இருந்தது. தடித்த கண்ணாடி ஜாடி. உள்ளே ஈயத் தகடுகள். மேலே கம்பிப் பிடி. வாரம் ஒரு முறை அதைக் கையில் தூக்கிக்கொண்டு சார்ஜ் செய்து தரும் கடைக்குப் போவதும், அங்கே ஏற்கெனவே விட்டிருந்த மற்றொன்றை எடுத்து வருவதும், வழியில் அமிலம் தெறித்து உடையில் ஓட்டை விழுவதும் அந்தத் தலைமுறைக் குடும்பங்களின் நித்திய கர்மங்களில் ஒன்றாக இருந்தன.

சென்னையும் இந்தக் காலத்தில்தான் வானொலிக்குள் பிரவேசித்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு மே மாதம் மதராஸ் பிரெஸிடென்ஸி ரேடியோ கிளப் தொடங்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. மூன்றே ஆண்டுகளில் பணமுடையால் கிளப் நின்றுபோக, அதன் டிரான்ஸ்மிட்டர் நகர கார்ப்பொரேஷனுக்குப் போய்ச் சேர்ந்து, 1930 ஏப்ரல் முதல் தேதி மறுபடி பேசத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938 ஜூன் 16-இல். முதல் கிளப்பின் ஒலிபரப்பைக் கேட்டவர்களில் பலர் காதுக்குழலை மாட்டிக்கொண்டு, பேட்டரியின் தயவிலோ, பேட்டரியே வேண்டாத கிரிஸ்டல் செட்டின் தயவிலோ கேட்டவர்கள்.

பேட்டரிக்குத் தொல்லைகள் பல உண்டு. ஆனால் ஒரு மகத்தான குணமும் உண்டு. ரசாயனத்திலிருந்து பிறக்கும் மின்சாரம் அலைவதில்லை. குளத்து நீர்போல அசையாமல் நிற்கிறது. வால்வின் வேலை சிறு அசைவைப் பேரசைவாக்குவது. அதற்குக் கிடைக்கும் மின்சாரமே அசைந்தால், பாட்டின் அசைவு எது, மின்சாரத்தின் அசைவு எது என்ற விவேகம் அதற்குக் கிடையாது. இரண்டையும் சமமாகப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். பேட்டரி செட் வைத்திருந்தவர்கள் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கேட்டது பூரண நிசப்தம் அல்லது ஆகாயத்தின் கரகரப்பு. இவ்விரண்டைத் தவிர வேறில்லை. தாங்கள் எத்தகைய செல்வத்தை அனுபவிக்கிறோம் என்பது அதை இழந்தபிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

வீட்டுச் சுவரில் மின்சாரம் வந்துவிட்ட பிறகும் எதற்காகப் பேட்டரியைக் கட்டி அழவேண்டும் என்ற நியாயமான எண்ணத்திலிருந்து எலிமினேட்டர் பிறந்தது. சுவரில் வரும் மாறுமின்சாரம் நம் நாட்டில் வினாடிக்கு 50 தடவையும் அமெரிக்காவில் 60 தடவையும் முன்னும் பின்னுமாகத் திசை மாறுவது. டிரான்ஸ்பார்மரால் வேண்டிய வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, 'ரெக்டிஃபையர்' என்னும் ஒருவழிக் கதவின் வழியே செலுத்தினால், திரும்பிப் போகும் பாதியும் மடக்கப்பட்டு ஒரே திசையில் வரும். ஆனால் தொடர்ந்து வராது, வினாடிக்கு 100 மேடு பள்ளங்களாக வரும். அந்தப் பள்ளங்களைத் தூர்ப்பதற்காகப் பெரிய கண்டென்சர்களையும், இரும்பு மையத்தில் செப்புக் கம்பி சுற்றிய 'சோக்'குகளையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். கண்டென்சர் தண்ணீர்த் தொட்டிபோல மேட்டில் நிரம்பிப் பள்ளத்தில் வடியும். சோக், ஓட்டம் திடீரென்று கூடுவதையும் குறைவதையும் எதிர்க்கும். எத்தனை செய்தும் ஒரு சிறு அலை மிஞ்சும். அந்த மிச்சத்துக்குத்தான் 'ஹம்' என்று பெயர்.

இந்தப் பெட்டியிலிருந்து எழுந்த தொழில்கள் பிரமிக்க வைப்பவை. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் 1922-இல் தொடங்கப்பட்டு, குளிர்பதனப் பெட்டி செய்ய முயன்று தோற்ற ஒரு சிறு கம்பெனி, சார்லஸ் ஸ்மித் என்ற விஞ்ஞானி கண்ட வாயு நிரப்பிய ரெக்டிஃபையர் குழாயை 1925-இல் எலிமினேட்டருக்காக விற்கத் தொடங்கிப் பிழைத்தெழுந்தது. அக்குழாயின் பெயரான 'ரேதியான்' என்பதையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டது. பிலடெல்பியாவில் பேட்டரி செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த ஃபில்கோ கம்பெனி, பேட்டரியை ஒழிக்கும் பெட்டியைத் தானே செய்து விற்றது. தன் பிழைப்புக்கு வரப்போகும் ஆபத்தை முன்னரே உணர்ந்து அந்த ஆபத்தையே தொழிலாக்கிக்கொள்ள எத்தனை துணிவு வேண்டும்! சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள், திவாலான ஒரு பேட்டரிக் கம்பெனியின் எலிமினேட்டர் பகுதியை 1928-இல் ஏலத்தில் 750 டாலருக்கு எடுத்து, ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்த தொழிற்சாலையே பிற்காலத்தில் 'மோட்டோரோலா' என்று உலகறிந்த நிறுவனமாயிற்று. யுத்தகால ராடாரும், சந்திர மண்டலத்திலிருந்து பேசிய வானொலியும், நம் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியும் இந்த வம்சங்களில் வந்தவை என்றால், 'ஹம்' என்ற அந்த அற்ப ஓசையை அடக்குவதில் அடங்கியிருந்த வித்தை எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

ஆனால் எலிமினேட்டரின் முதல் ஆயுள் மிகக் குறுகியது. தகட்டுக்கு வேண்டிய 'பி' மின்சாரத்தை அது தந்துவிட்டது. இழையைச் சூடேற்றும் 'ஏ' மின்சாரத்தைத் தருவதுதான் கடினமாயிற்று. இழையே எலெக்ட்ரான்களை உமிழும் வால்வில், அந்த இழைக்கு மாறுமின்சாரத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு அசைவும் பாட்டில் கலந்துவிடும். இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் கனடா நாட்டு டொராண்டோவைச் சேர்ந்த எட்வர்ட் ராஜர்ஸ். மாறுமின்சாரத்தில் நேராக இயங்கும் வால்வுகளைக் கொண்டு, பேட்டரியே வேண்டாத வானொலிப் பெட்டியை அவர் 1925-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927-இல் தொடங்கிய அவருடைய ஒலிபரப்பு நிலையத்தின் அழைப்பெழுத்துகளிலேயே 'பேட்டரியற்றது' என்பதைக் குறிக்கும் எழுத்து இடம்பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும், சூடேறும் இழையையும் எலெக்ட்ரானை உமிழும் குழாயையும் வேறு வேறாகப் பிரித்த வால்வு பரவலாக வந்தது. அடுப்பு வேறு, பானை வேறு என்று ஆகிவிட்டது. அடுப்பின் தீ நடுங்கினாலும் பானையின் சூடு நடுங்குவதில்லை. எலிமினேட்டர் தனிப்பெட்டியாக இருக்கவேண்டிய அவசியம் போய், வானொலியின் வயிற்றுக்குள்ளேயே புகுந்துகொண்டது.

இங்கே ஒரு யுக்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அக்காலத்து ஒலிபெருக்கிகள் பலவற்றில் நிரந்தரக் காந்தம் கிடையாது. பெரிய கம்பிச் சுருள் ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தியே காந்தமாக்குவார்கள். அந்தச் சுருளையே சோக்காகவும் உபயோகித்து ஒரு செலவில் இரு வேலை முடித்தார்கள். அப்படிச் செய்தால் மிச்சமுள்ள ஹம் காந்தத்தின் வழியே ஒலிபெருக்கிக்குள் புகுந்துவிடும். அதற்காக, சில சுற்றுகளே கொண்ட மற்றொரு சிறு சுருளை, நேர்மாறான திசையில், குரல் சுருளோடு தொடுத்து வைத்தார்கள். ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். இரண்டும் மோதி ஹம் மறைந்துபோகும். மின்சாரம் அசுத்தமாகவே இருந்தது. காது மட்டும் அதை அறியவில்லை. முழுச் சுத்தம் செய்யப் பணமில்லாத இடத்தில், அசுத்தம் காதுக்கு எட்டும் வழியை மட்டும் அடைப்பது என்ற இந்தத் தத்துவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தக் கட்டுரையின் பிற்பகுதிக்கும் இதுவே திறவுகோல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரம் வந்தபோது இந்தியா முழுவதிலும் மின்சாரம் எட்டிய கிராமங்கள் ஏறத்தாழ 1500 மட்டுமே. அமெரிக்கர்கள் இருபதாண்டுகளுக்கு முன்பே கைகழுவிய பேட்டரி செட்டுகள் நம் கிராமங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தன. பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது; நான்கு 'பேட்டரி கட்டை' போட்டால் தோட்டத்திலும் களத்துமேட்டிலும் பாடும் பெட்டியாக அது தமிழ்நாட்டின் சந்துபொந்தெல்லாம் பரவியது. கட்டை தீரத் தீரக் குரல் மெலிந்து கரகரக்கும். புதிது வாங்கப் பணமில்லாத வீடுகளில் தீர்ந்த கட்டைகளை ஓட்டின் மேல் வெயிலில் காயவைப்பார்கள். சூட்டில் உள்ளிருக்கும் ரசாயனம் கொஞ்சம் உயிர்பெற்று, இன்னும் ஒரு மாலைப்பொழுது இலங்கை வானொலியைக் கேட்க வழி செய்யும். எங்கள் வீட்டில் முறத்தில் வடகமும் அதன் ஓரத்தில் நான்கு கட்டைகளும் சேர்ந்து காய்ந்தது என் கண்ணில் இன்னும் இருக்கிறது.

மின்சாரம் வந்த வீடுகளுக்கு, பேட்டரி கட்டையின் செலவை மிச்சப்படுத்துவதற்காக, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இறந்துபோன எலிமினேட்டர் மறுபிறவி எடுத்து வந்தது. பெயரும் அதே பெயர். வேலையும் அதே வேலை. ஒரு '6-0-6' டிரான்ஸ்பார்மர், இரண்டு டயோடுகள், 1000 மைக்ரோ கண்டென்சர் ஒன்று. தகரப் பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ ஏதோ ஒன்று. சோக்குக்கு விலை அதிகம் என்பதால் அது கிடையாது. வோல்ட்டை நிலைநிறுத்தும் ஏற்பாடும் கிடையாது. 6 வோல்ட் என்று எழுதியிருக்கும். சும்மா இருக்கும்போது அளந்தால் 8 வோல்ட்டுக்கும் மேலே காட்டும்.

என் தந்தையார் வாங்கிவந்த எலிமினேட்டர் ஒன்றில் விசித்திரமான நோய் இருந்தது. ஸ்டேஷன் எதுவும் கிடைக்காத இடத்தில் முள்ளை வைத்தால் ஹம் கேட்காது. இலங்கை வானொலியைச் சரியாகப் பிடித்த கணத்தில் பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று கிளம்பும். ஸ்டேஷனை விட்டு விலகினால் அதுவும் விலகும். பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்துவந்த பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் பெட்டியைத் திறந்து கண்டென்சரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டேஷன்ல மட்டும் ஹம் அடிக்குதா? அப்ப டயோடுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, மிளகளவு தட்டையாக இருந்த இரண்டு சிறு டிஸ்க் கண்டென்சர்களை எடுத்து, ஒவ்வொரு டயோடின் முதுகிலும் ஒன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தார். நோய் தீர்ந்தது. வீட்டின் மின்கம்பியே ஆன்டெனாவாகி, ஸ்டேஷனின் அலையை வாங்கி, வினாடிக்கு 50 தடவை திறந்து மூடும் டயோடின் வழியே கடத்தி, அந்தத் துடிப்பின் முத்திரையைக் குத்தி ரேடியோவுக்குள் மறுபடி வீசுகிறது என்ற காரணத்தை நான் பல ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். நிசப்தத்தில் ஒளிந்திருந்து பாட்டு வரும்போது மட்டும் பாட்டோடு கலந்து வெளிப்படும் இரைச்சல் ஒன்று உண்டு என்பதும், பெரிய கண்டென்சரை எத்தனை பெரிதாக்கினாலும் அது தீராது என்பதும், இருக்கவேண்டிய இடத்தில் நாலணாப் பொருள் ஒன்றை வைத்தால் தீரும் என்பதும் அந்தப் பெரியவரின் மேஜையில் நான் கற்ற பாடம்.

வோல்ட்டை நிலைநிறுத்தும் வேலையை ஒரு சில்லுக்குள் அடக்கியது அடுத்த அத்தியாயம். 1969-இல் பாப் விட்லர் என்ற மேதை வடிவமைத்த எல்.எம். 109 என்னும் மூன்று கால் ரெகுலேட்டர், எத்தனை மேடுபள்ளமாக மின்சாரம் வந்தாலும் 5 வோல்ட்டை மாறாமல் தந்தது. அதன் பின்வந்த 7805 இன்றைக்கும் ரிச்சி தெருவில் பிடி பிடியாக விற்கிறது. சாதாரண ரெகுலேட்டர் ஒன்று 100 ஹெர்ட்ஸ் அசைவை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கிவிடும். ஐம்பது ஆண்டுகளாக இரும்பையும் செம்பையும் கொட்டி நடத்திய யுத்தம் ஒரு சுண்டுவிரல் நகத்துக்குள் முடிந்துவிட்டது.

முடிந்தது என்றுதான் எண்ணினார்கள். அதற்குள் மின்சாரத்தை இறக்கும் முறையே மாறியது. கனத்த டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக, வரும் மின்சாரத்தை முதலிலேயே ஒருதிசைப்படுத்தி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்கி, சிறு டிரான்ஸ்பார்மர் வழியே இறக்கும் 'ஸ்விட்சிங்' முறை பரவியது. 1977-இல் வந்த ஆப்பிள் இரண்டாம் கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் அமைத்துத் தந்த பவர் சப்ளை இம்முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று. கருத்து என்னவோ பழையதுதான். 1930-களின் மோட்டார் கார் வானொலிகளில், காரின் பேட்டரி மின்சாரத்தை அதிரும் தகடு ஒன்றால் நறுக்கி உயர்த்தியதும் இதே வித்தையே. நம் கைப்பேசி சார்ஜர் ஒவ்வொன்றும் இன்று இந்த இனம். இரைச்சலின் முகவரி இதனால் மாறிற்று. 100 ஹெர்ட்ஸில் எல்லோர் காதுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது, மனிதச் செவி எட்டாத பல்லாயிரம், பல லட்சம் ஹெர்ட்ஸுக்குக் குடிபோயிற்று. அங்கே ரெகுலேட்டரின் கை தளர்ந்துவிடுகிறது. ஆனால் அங்கே வேறு வைத்தியம் எளிது. அரிசி நுனியளவு பீங்கான் கண்டென்சரும் ஒரு ஃபெரைட் மணியும், முன்னாளில் இரண்டு சேர் இரும்பு செய்த வேலையை அந்த உயர்ந்த அதிர்வுகளில் செய்துவிடும், சில்லின் காலடியிலேயே வைக்கப்பட்டால்.

1982 அக்டோபர் முதல் தேதி ஜப்பானில் சோனியின் முதல் காம்பாக்ட் டிஸ்க் பிளேயர் விற்பனைக்கு வந்தபோது, எண்ணைச் சங்கீதமாக்கும் கருவி வீட்டுக்குள் வந்தது. 1980-களின் இறுதிக்குள் அந்தக் கன்வெர்ட்டர் தனிப்பெட்டியாகவும் பிரிந்தது. வினாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. வெளியே வரும் முழு அளவு வழக்கமான ஆர்.எம்.எஸ். கணக்கில் 2 வோல்ட் என்று கொண்டால், ஒரு படியின் உயரம் ஏறக்குறைய 86 மைக்ரோவோல்ட். பழைய வால்வு செட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. டாக்குக்கோ இதுவே உலகம். அந்தப் படியின் உயரத்தை எதைக்கொண்டு அளப்பது? கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆதார வோல்ட்டைக் கொண்டு. வரும் எண்ணை ஆதார வோல்ட்டால் பெருக்கித்தான் அது வெளியே தருகிறது. பல மலிவான சில்லுகளில் அந்த ஆதாரம் பவர் சப்ளையிலிருந்தே நேராக எடுக்கப்படுகிறது. அளவுகோலே நடுங்கினால் என்ன ஆகும்? எண் பூஜ்யமாக இருக்கும்போது பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்; நிசப்தம் நிசப்தமாகவே இருக்கும். பாட்டு எழும்போது மட்டும் நடுக்கம் பாட்டின் மேல் ஏறிக்கொள்ளும். எங்கள் எலிமினேட்டரின் நோயும் இதுவும் காரணத்தில் வேறு, லட்சணத்தில் ஒன்றே. ஆகையால், ஒலியை முழுக்கத் திருகி வைத்துக் காதை ஒலிபெருக்கியில் ஒட்டி, 'ஒன்றும் கேட்கவில்லை, என் பவர் சப்ளை சுத்தம்' என்று முடிவு கட்டுகிறவர்களின் சோதனை பாதிச் சோதனையே.

மற்றொரு வாசல் கடிகாரம். எண்கள் சரியாக இருந்தாலும், அவை வெளிவரும் தருணம் தவறினால் அலையின் வடிவம் கெடும். 10,000 ஹெர்ட்ஸ் ஓசையில், வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் கடிகாரம் தாறுமாறாகத் தடுமாறினால் போதும். 16 பிட் எண்கள் தரவல்ல 98 டெசிபல் தூய்மை 84-க்கு இறங்கிவிடும். கடிகாரத்தைத் தடுமாற வைக்கும் காரணங்களில் அதற்குக் கிடைக்கும் மின்சாரத்தின் நடுக்கமும் ஒன்று.

இப்படியெல்லாம் சொன்னால் விலையுயர்ந்த பவர் சப்ளைக்கு நான் வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். உண்மை அப்படியில்லை. 1996-இல் யூ.எஸ்.பி. முறை வந்து, ஒரே கம்பியில் எண்களும் 5 வோல்ட் மின்சாரமும் சேர்ந்து வரத் தொடங்கின. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் அந்த 5 வோல்ட் சேறு கலந்த ஓடைநீர், 4.75 முதல் 5.25 வரை எங்கேயும் நிற்கலாம் என்று அப்போதைய விதியே இடம் கொடுத்தது. டாக் செய்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஓரளவு விவரமறிந்து செய்த கருவி, வாங்கிய 5 வோல்ட்டை உள்ளேயே மறுபடி இறக்கி, வடிகட்டி, சில்லுக்கு 3.3 வோல்ட்டாகத்தான் கொடுக்கிறது. கைப்பேசியில் செருகும், சுண்டுவிரல் நீளமுள்ள டாக்குகளில் சில, அளந்து பார்க்கும்போது 16 பிட்டின் எல்லையைத் தாண்டிய தூய்மையைக் காட்டுகின்றன. அவற்றுக்கு வெளியே தனிப் பவர் சப்ளை என்ற ஒன்றே கிடையாது. வடிகட்டிய நீரை மறுபடி வடிகட்டுவதற்கு முன், வெளியிலிருந்து பன்னீரையே கொண்டுவந்து ஊற்றினாலும், வெளிவரும் நீரில் வித்தியாசம் இராது. உள்ளே வடிகட்டி சரியில்லாத கருவியிலோ, வெளிப்பெட்டி ஓரளவு உதவும். ஆனால் அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல டாக்கையே வாங்கிவிடலாம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மடிக்கணினியோடு ஒரு சிறிய டாக்கை இணைத்து, அதைப் பழைய ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தபோது, மெல்லிய 'கிர்' என்ற ஓசை கேட்டது. மவுஸை நகர்த்தினால் அதன் சுருதி மாறிற்று. பவர் சப்ளைதான் அசுத்தம் என்று நண்பர்கள் சொல்ல, சுத்தமான 5 வோல்ட்டைத் தனியே தரும் பெட்டி ஒன்றை டாக்கின் விலையைப்போல் இருமடங்கு கொடுத்து வாங்கி இணைத்தேன். ஓசை இம்மியும் குறையவில்லை. மனத்தாங்கலோடு உட்கார்ந்திருந்தபோது, மடிக்கணினியின் உலோக மூடியில் புறங்கையை லேசாக உரச, தோல் சொரசொரப்பது போன்ற கூச்சம் தெரிந்தது. சார்ஜர் இரண்டு கால் பிளக் உடையது; எர்த் கிடையாது. அத்தகைய சார்ஜர்களுக்குள், நறுக்கும் இரைச்சலை அடக்குவதற்காகச் சுவர்ப்பக்கத்துக்கும் கணினிப்பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு கண்டென்சர் வைத்திருப்பார்கள். அதன் வழியே மிகச் சொற்ப மின்சாரம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவு பூமியைத் தேடி, யூ.எஸ்.பி. கம்பியின் கிரவுண்டில் இறங்கி, டாக்கைக் கடந்து, பாட்டைச் சுமக்கும் கம்பியின் வெளிவலை வழியே ஆம்ப்ளிஃபையரின் எர்த்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் கணினியின் இரைச்சலையும் கையோடு இழுத்துக்கொண்டு போயிற்று. வெளிவலையில் எழுந்த அந்தச் சிறு வோல்ட்டை, பாட்டின் ஒரு பகுதி என்றே ஆம்ப்ளிஃபையர் எண்ணியது. டாக்குக்கு எவ்வளவு நிர்மலமான மின்சாரத்தைக் கொடுத்தால்தான் என்ன? கிரவுண்டின் வழி திறந்தே கிடந்ததே.

சார்ஜரைப் பிடுங்கினேன். ஓசை அந்தக் கணத்தில் அடங்கியது.

மலிவான டாக் வைத்திருப்பவர்களின் குறைகளில், நான் கேட்டுப் பார்த்த அளவில், பெரும்பாலானவை இந்த ஜாதி. இதற்குப் பரிகாரம் பவர் சப்ளைக் கடையில் இல்லை. 1983-இல் தோஷிபா கொண்டுவந்த ஒளிக்கம்பி முறை டாக்கில் இருந்தால், அதன் வழியே எண்களை அனுப்பலாம். ஒளியில் மின்சாரம் கசியாது. அது இல்லாவிட்டால் பாட்டுக் கம்பியின் நடுவில் ஒரு சிறு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை வைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால், எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகி, எர்த் உள்ள மூன்று கால் சார்ஜரையும் உபயோகித்துப் பார்க்கலாம். வீட்டின் எர்த் ஒழுங்காக இருக்குமானால் பல இடங்களில் அதுவே போதும். அந்தப் பெரியவர் இருந்திருந்தால், கருவியைத் திறப்பதற்கு முன், "எப்பல்லாம் அடிக்குது தம்பி?" என்று என்னை நான்கு கேள்வி கேட்டிருப்பார், நானும் இருமடங்கு பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கமாட்டேன்.

வாங்கிய அந்தப் பெட்டியை வீணாக்க மனமில்லாமல், அலமாரியில் கிடந்த தந்தையாரின் டிரான்ஸிஸ்டருக்கு ஏற்றதாக்கலாம் என்று, வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் விவரம் கேட்க ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கையில் வாங்கிக் கனம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பெயர்ப்பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "நல்ல எலிமினேட்டருங்க. எதுக்குப் போட்டிருந்தீங்க?" என்றார்.